வறண்ட மாவட்டம் என்று யார் சொன்னது?

கேள்வி: எங்கள் ராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டத்தில், ஆட்சி மாறினாலாவது சிறு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் விடிவு பிறக்குமா? (தொண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர்)

பதில்: ‘வறண்ட’ என்று நீங்களே எழுதலாமா ஐயா? வெளியூர்க்காரர்கள் எழுதியபோதெல்லாம் இதே பக்கத்தில் சண்டை போட்டிருக்கிறேன். பிடிக்காத அதிகாரியைத் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று மிரட்டுகிறார்களே, அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறுகிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண் இது. கோவை நகரத்தில்கூட அவ்வளவு பெய்வதில்லை. நமக்குப் பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மழையைப் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் பிழைக்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயை, அதாவது அந்த ஊர் ஏரியை, சொல்வார்கள். நாரையே பறந்து கடக்க முடியாத அகலமாம்! உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம்.

ஆட்சி மாற்றத்துக்கு வருகிறேன். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அது பெரிய மாற்றம், மறுக்க மாட்டேன். பின்னால் வந்த உதவிகளைப் பாருங்கள். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் தந்தார்கள். கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர் ஊறும் கடலோரக் கிராமத்தில் பம்புசெட்டு எத்தனை பேரிடம் இருக்கிறது? 2019 முதல் மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. சொந்த நிலம் உள்ளவருக்குத்தான் அது. அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுகிறவருக்கும், கூலிக்குக் களை பறிக்கிறவருக்கும் இல்லை. எந்தக் கட்சி வந்தாலும் பட்டியல் பட்டாவிலிருந்தே தொடங்குகிறது.

போன மாசியில் ராஜசிங்கமங்கலம் பக்கம் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் நின்றேன். முண்டு மிளகாய். பழம் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா விரல்களை விரித்துக் காட்டினார். நகக்கண் ஒவ்வொன்றும் சிவந்திருந்தது. “ராத்திரி தேங்காயெண்ணெய் தடவித்தான் படுக்கிறேன் தம்பி, எரிச்சலில் தூக்கம் வருவதில்லை” என்றார். அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பறிக்கிற அம்மாவுக்கு விவசாயி என்ற பெயர் எந்தத் தாளிலும் கிடையாது.

அதனால்தான் நான் திரும்பத் திரும்பக் கண்மாயைப் பற்றியே எழுதுகிறேன். சலித்துக்கொள்கிறவர்கள் சலித்துக்கொள்ளட்டும். கண்மாய் யாரிடமும் பட்டா கேட்பதில்லை. அது நிறைந்தால் இரண்டு ஏக்கர்க்காரர் புழுதியில் விதைத்த நெல் கதிர் பிடிக்கும். கதிர் பிடித்தால்தான் களையெடுப்பும் அறுப்பும் நடக்கும், கூலிக்காரர் வீட்டில் உலை கொதிக்கும். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஒரு துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று கண்மாய்களைப் பிரித்துவைத்தார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக் கருவேலம் மண்டியபோது வெட்ட வேண்டியவர் யார் என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் போன மிளகாய்த் தோட்டத்தை அடுத்த கண்மாயில் மடைக்குப் பலகை இல்லை. சாக்கில் வைக்கோலும் மண்ணும் திணித்து அடைத்திருந்தார்கள். சாக்கின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டே இருந்தது.

காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மே மாதம் ஆட்சி மாறியது. அந்தக் கால்வாய் வரட்டும், மனமார வரவேற்கிறேன். ஆனால் வருகிற வெள்ளத்தை எதில் வாங்கி வைப்பீர்கள்? தூர்ந்து கிடக்கும் கண்மாயிலா?

ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும் சரி, முதலில் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போங்கள். அதற்கு முன்னால் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள் ஐயா. உங்கள் ஊர்க் கண்மாயில் மொத்தம் எத்தனை மடை, எத்தனை மடையில் சாக்கு அடைத்திருக்கிறது என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.