ரூபெல்லா: கேள்விகளும் என் பதில்களும்

குழந்தை மருத்துவம் பார்ப்பவள் நான். ரூபெல்லா பற்றிக் கேளுங்கள் என்றேன், நிறைய வந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

ரூபெல்லாவும் மணல்வாரியும் ஒன்றுதானே டாக்டர்?

இல்லை. இரண்டும் வேறு வேறு வைரஸ். மணல்வாரியில் காய்ச்சல் கடுமையாக இருக்கும், கண் சிவக்கும், குழந்தை சுருண்டு படுத்துவிடும். ரூபெல்லாவில் லேசான காய்ச்சல்தான். முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் இளஞ்சிவப்புத் தடிப்பு மூன்று நாளில் மறைந்துவிடும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டும். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, ஆனாலும் அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவும்.

மூன்று நாளில் தானாகப் போகிற நோய்க்கு ஊசி எதற்கு?

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காக. 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறக்கும்போதே கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலான தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது. அதுவரை எல்லோரும் இதைச் சாதாரண நோய் என்றே விட்டுவைத்திருந்தார்கள். முதல் 12 வாரத்துக்குள் தாய்க்குத் தொற்றினால், பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகள்வரை பாதிக்கப்படலாம். கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. சில கருக்கள் கலைந்தே போகும். 20 வாரத்துக்குப் பிறகு ஆபத்து மிகக் குறைவு. இதற்கு மருந்து கிடையாது. கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே ஊசி. இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

பையன் கையில் தடிப்பு, படம் அனுப்பியிருக்கிறேன். ரூபெல்லாவா?

படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டெங்குவிலும் தடிப்பு வரும். நேரில் காட்டுங்கள்.

பிள்ளை பெறப்போவது பெண். ஆண் பிள்ளைக்கு எதற்கு மேடம் ஊசி?

பிரிட்டன் 1970இல் இப்படி நினைத்துத்தான் பள்ளிச் சிறுமிகளுக்கு மட்டும் போட்டது. பையன்களிடமும் சின்னக் குழந்தைகளிடமும் வைரஸ் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி தவறிய பெண்கள் கர்ப்பமானபோது, வீட்டில் இருக்கிற மூத்த பிள்ளையிடமிருந்தே அவர்களுக்கு வந்தது. 1988இல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று மாற்றினார்கள்.

(இதற்கு மறுப்பு) அப்படியானால் சிறு வயதில் எல்லோருக்கும் இயற்கையாக வந்து போகட்டுமே? ஆயுள் முழுக்க எதிர்ப்பு கிடைக்குமே?

எதிர்ப்பு கிடைக்கும், உண்மை. ஆனால் எல்லோருக்கும் சிறு வயதிலேயே வந்துவிடும் என்பதற்கு யார் உத்தரவாதம்? வராமல் தப்பிய பெண் 25 வயதில் கர்ப்பமாக இருக்கும்போது மாட்டிக்கொள்வாள்.

(மீண்டும் அவரே) ஊசி போடாத காலத்தில் நம் பாட்டிகள் பெறவில்லையா?

பெற்றார்கள். கண் தெரியாமல், காது கேளாமல் பிறந்த பிள்ளைகளுக்குக் கிரகணத்தையும் கர்மத்தையும் காரணம் சொன்னார்கள், தாயைப் பழித்தார்கள். உங்கள் வாதத்தில் ஒரு பாதி எனக்கும் கவலை தருவதுதான்: அரைகுறையாக ஊசி போட்டால் நிலைமை மோசமாகும். கிரீஸில் பாதிக் குழந்தைகளுக்குக்கூடச் சேராமல் பல ஆண்டுகள் போட்டார்கள். சிறு பிள்ளைகளிடம் நோய் குறைந்தது, அதனால் பல பெண்கள் எதிர்ப்பு இல்லாமலே வளர்ந்தார்கள். 1993இல் பரவியபோது கர்ப்பிணிகள் சிக்கினார்கள். அதனால்தான் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுவரை எல்லோருக்கும் ஒரே வீச்சில் போடத் தொடங்கினார்கள். வாட்ஸப் வதந்தியை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரிடம் அப்போது மணிக்கணக்கில் பேசினேன், இன்றும் பேசத் தயார். பக்கத்து இலங்கை 2020இல் ரூபெல்லாவை ஒழித்தே காட்டிவிட்டது.

பத்து வாரக் கர்ப்பம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ரூபெல்லா என்கிறார்கள்.

பதறாதீர்கள் அம்மா, ஆனால் நாளைக்கே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்தக் குழந்தையிடமிருந்து பரவியிருக்கும். ரத்தத்தில் ஐஜிஜி (நோயோ ஊசியோ வந்து போனபின் நிலைத்து நிற்கும் எதிர்ப்புப் பொருள்) இப்போதே இருந்தால் பழைய எதிர்ப்பு இருக்கிறது என்று பொருள். இல்லையென்றால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஐஜிஎம் (புதிதாகத் தொற்றும்போது முதலில் வரும் எதிர்ப்புப் பொருள்) மட்டும் பாசிட்டிவ் என்றால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், அது பொய்யாகவும் வரும். இப்போது ஊசி போடக் கூடாது. பிரசவம் முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், தாய்ப்பால் கொடுக்கலாம்.

ஊசி போட்ட இரண்டு வாரத்தில் கர்ப்பம் என்று தெரிந்தது. கலைக்கச் சொல்கிறார்கள்.

கலைக்காதீர்கள். ஊசி போட்டபின் கர்ப்பத்தை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்வது முன்னெச்சரிக்கைதான், கருவைக் கலைக்க அது காரணமே அல்ல.

வேப்பிலை போதாதா?

வாசலில் வேப்பிலை செருகுவது வீட்டில் நோய் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும். அது நல்லதுதான், ஆனால் தடிப்புக்கு முன்பே பரவியதை அது தடுக்காது.

தடிப்பு, படம் இணைப்பு...

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து நேரில்.

தங்கை குழந்தைக்குப் பிறவி ரூபெல்லா, கண்புரை. கர்ப்பமாக இருக்கிற என் மனைவி அந்தக் குழந்தையைத் தூக்கலாமா?

அவருக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்கும்வரை வேண்டாம். இந்தக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் ஒரு வருடம்வரைகூட வைரஸ் இருக்கும். எதிர்ப்பு உள்ளவர்கள் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள். கண் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். காதையும் இப்போதே பாருங்கள், இன்று நன்றாகக் கேட்டாலும் பிறகு குறையலாம், அதனால் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும்.