போருக்குப் பிந்தைய நீதியை உள்ளூர் மக்களிடம் ஒப்படைக்க முடியுமா? கிழக்குத் திமோரை முன்வைத்து ஒரு பதில்

போரால் சிதைந்த ஒரு நாட்டின் நீதித்துறையை ஐ.நா. சீரமைக்கும்போது, பொறுப்பை உள்ளூர் மக்களிடமே விடுவது சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்தியம் என்றே நம்புகிறேன். ஆனால் உள்ளூர் மக்கள் என்று யாரைச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளாவிட்டால், பொறுப்பு தலைநகரில் இருக்கும் சிலரோடு நின்றுவிடும். இந்தோனேசியாவின் பிடியில் இருந்து விடுபட்ட தென்கிழக்கு ஆசியச் சிறுநாடான கிழக்குத் திமோரில் ஐ.நா. ஆட்சியையே கையிலெடுத்து நடத்தியபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது.

1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதத்தினர் இந்தோனேசியாவிடமிருந்து விடுதலை பெறுவதன் பக்கம் நின்றனர். உடனே இந்தோனேசிய ராணுவத்தின் துணையுடன் இயங்கிய ஆயுதக் குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின. நீதிமன்றக் கட்டடங்களும் ஆவணங்களும் எரிந்துபோயின. இந்தோனேசிய ஆட்சியில் திமோர்க்காரர் எவரும் நீதிபதியாக நியமிக்கப்பட்டதில்லை என்பதால், சட்டம் படித்தவர்கள் முன்வர வேண்டும் என்று விமானத்திலிருந்து துண்டறிக்கைகளைப் போட்டு ஆள் தேடினார்கள். 2000 ஜனவரியில் திமோரின் முதல் நீதிபதிகள் பதவியேற்றார்கள். அனுபவமே இல்லாதவர்களை நம்பி எடுத்த அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. அவர்களுக்குப் போதிய பயிற்சியும் துணையும் கொடுக்காததுதான் தவறு.

அடுத்து நடந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. அந்த நீதிபதிகள் இந்தோனேசிய மொழியில் சட்டம் படித்தவர்கள். 2002-இல் அரசமைப்புச் சட்டம் உள்ளூர் மொழியான தேதுனோடு, பழைய காலனி ஆட்சியின் மொழியான போர்த்துக்கீசியத்தையும் ஆட்சிமொழியாக்கியது. தகுதித் தேர்வில் அவர்கள் அனைவரும் தேறவில்லை என்று 2005-இல் அறிவிக்கப்பட்டு, அவர்களுடைய இடத்தில் போர்த்துக்கீசியம் பேசும் வெளிநாட்டு நீதிபதிகள் அமர்ந்தனர். போர்த்துக்கீசியத்தை ஐ.நா. திணிக்கவில்லை, திமோரின் சொந்தத் தலைமையே தேர்ந்தெடுத்தது. ஆனாலும் வழக்காட வந்த கிராமத்தவருக்குத் தம் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்பது புரியாமல் போயிற்று.

இதற்கு நேர்மாறாக, கடந்தகால உரிமை மீறல்களை ஆராய திமோரில் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் நடத்திய சமூக விசாரணைகள் ஊருக்குள்ளேயே நடந்தன. பாயை விரித்து, வெற்றிலை பாக்கு வைத்து, மரபறிந்த பெரியவர்கள் அமர, வீட்டைக் கொளுத்தியவனும் வீட்டை இழந்தவரும் ஊர் முன்னிலையில் நேருக்கு நேர் பேசினார்கள். அவன் செய்ததை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, வீடு கட்டித் தரவோ ஊர்வேலை செய்யவோ உடன்பட்டான். அந்த உடன்பாடு மாவட்ட நீதிமன்றத்தில் பதிவாயிற்று. கொலையும் பாலியல் வன்முறையும் இந்த வழிக்கு வெளியே வைக்கப்பட்டன. ஏறத்தாழ 1,400 பேர் இதில் பங்கேற்று முடித்தனர். பெரியவர்களின் அவையில் பெண்களின் குரல் எளிதில் எடுபடாது என்பதால், குழுவில் அவர்களுக்கும் இடம் தர விதி செய்ய வேண்டியிருந்தது. வெளியார் இப்படி வலியுறுத்துவதை நான் குறையாகக் கருதவில்லை.

ஆனால் ஊர் கூடித் தீர்க்கக்கூடியது சிறு குற்றங்களை மட்டுமே. கொடுங்குற்றங்களை விசாரிக்க, வெளிநாட்டு நீதிபதிகளும் திமோர் நீதிபதிகளும் சேர்ந்த சிறப்பு அமர்வுகள் 2005 வரை இயங்கி 84 பேரைத் தண்டித்தன. குற்றம் சாட்டப்பட்ட மேலும் 300-க்கும் மேற்பட்டோர் இந்தோனேசியாவில் கைக்கு எட்டாமல் இருந்தனர். இந்தோனேசியாவின் முன்னாள் ராணுவத் தளபதி விராந்தோவுக்கு எதிராக 2004-இல் கைது ஆணை பிறப்பிக்கப்பட்டது; அதே மாதத்தில் திமோரின் அதிபர் சனானா குஸ்மாவ் பாலித் தீவில் அவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். பெரிய அண்டை நாட்டோடு வாழ்ந்தாக வேண்டிய சிறிய நாட்டின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆயினும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

2014-இல் குஸ்மாவ் பிரதமராக இருந்தபோது, எண்ணெய் நிறுவனங்களுடனான வரி வழக்குகளில் தோற்றதைக் காரணம் காட்டி, வெளிநாட்டு நீதிபதிகளையும் அரசு வழக்கறிஞர்களையும் நாட்டைவிட்டு வெளியேற்றியது அரசு. அமைச்சர் ஒருவர் மீதான ஊழல் வழக்கு விசாரணைக்கு வரவிருந்த நேரம் அது. இறையாண்மை என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். நாட்டின் நீதிமன்றத் தலைமையே ஆட்சேபித்தும் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது: வெளியார் இருக்கிறார்களா, இல்லையா என்பதைவிட, பாதிக்கப்பட்டவர் தம் மொழியில் பேசவும், முடிவை எதிர்க்கவும், இழப்பீடு பெறவும் வழியுண்டா என்பதையே நான் பார்ப்பேன். திமோரின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2005-இல் அளித்த அறிக்கை பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கான சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்துக்கு வந்தும், விடுதலைப் போராளிகளுக்கான ஓய்வூதியமே முதலில் என்ற வாதத்தின் முன் நிறைவேறாமல் நின்றுபோயிற்று.