மிச்சம் பிடித்த காசை யார் கட்டுகிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்குக் குடி, சிகரெட் எதுவும் கிடையாது. கடன் இல்லை. அலுவலகம் விட்டால் வீடு. அப்படியிருந்தும் என் மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதம் ஆகப்போகிறது. காரணம், ஒரு குழாய்.

வீட்டில் எது பழுதானாலும் நானே சரிசெய்துவிடுவேன். ஃபேன், ஸ்விட்ச், கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர் மோட்டார் என்று எதற்கும் வெளியாளைக் கூப்பிட்டதில்லை. என் அப்பாவும் அப்படித்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆளை வைத்தால் என்ன செலவாகியிருக்கும், நான் செய்ததில் என்ன ஆனது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டும் வருகிறேன். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் நல்ல தொகை மிச்சமாகியிருக்கும்.

குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. வாஷரை மாற்றினேன், நிற்கவில்லை. முழுதாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டேன். ஒரு ஞாயிறு உறவினர் வீட்டு விசேஷம், அடுத்த ஞாயிறு காய்ச்சல். இப்படியே கொஞ்சம் தள்ளிப்போனது. ஒரு நாள் மாலை வந்து பார்த்தால் அங்கே புதுக் குழாய்! நான் அலுவலகத்தில் இருந்தபோது பிளம்பரை வரவழைத்து, தன் கைக்காசைக் கொடுத்து மாற்றியிருக்கிறாள். அவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? கேட்டேன். அவள் சொன்னது: “நீங்க மிச்சம் பிடிக்கிற காசை இத்தனை நாளா நான்தான் கட்டிக்கிட்டு இருக்கேன்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. நான் அவளிடம் காசு வாங்குவதில்லை.

அவளுக்கு வாஷிங் மெஷின் மீதும் கோபம் இருக்கலாம். அதைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டதால் வேலை இழுக்கிறது. அதுவரை துணியைக் கையால் துவைக்கிறாள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே துவைத்தார்கள்? என் மகளும் முன்பெல்லாம் வேலை நடக்கும்போது டார்ச் பிடிக்க ஓடி வருவாள். இப்போது கூப்பிட்டால் படிக்க வேண்டும் என்கிறாள். வெளிச்சத்தைச் சரியாகக் காட்டாததற்குச் சில தடவை கடிந்துகொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

சிக்கனமாக இருப்பது ஒரு குற்றமா? என் கணக்கில் எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்.

---

அன்புள்ள நண்பருக்கு,

சிக்கனம் குற்றமில்லை. கைவேலை தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது நல்ல விஷயம்தான். உங்கள் நோட்டில் இருக்கும் எண்களிலும் தப்பிருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த நோட்டில், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இரண்டு பத்திதான் இருக்கிறது. ஆளை வைத்தால் எவ்வளவு, நானே செய்தால் எவ்வளவு. வேலை முடியும்வரை அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை.

வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். நனைந்த படுக்கை விரிப்பைத் தனி ஆளாகப் பிழிந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு முனையைக் குழாயில் சுற்றி, மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்து முறுக்க வேண்டும். பாதி முறுக்கும்போதே அந்தப் பக்கம் நழுவித் தரையில் விழும். மறுபடி அலச வேண்டும். மெஷினைத் திறந்து போட்ட நாளிலிருந்து இதை வீட்டில் ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். அது உங்கள் நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அந்தக் காலத்தில் எல்லோரும் கையால்தான் துவைத்தார்கள் என்கிறீர்கள். எல்லோரும் என்றால் யார்? உங்கள் அப்பா துவைத்தாரா?

கோபப்படுத்த இதைக் கேட்கவில்லை. நாம் எல்லோருமே இப்படித்தான். ரசீது வருகிற செலவு மட்டும்தான் நம் கண்ணுக்குச் செலவாகத் தெரியும். இரவில் வாளி நிரம்பி வழியாமல் எழுந்து போய்க் கொட்டியவருக்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை. உங்கள் மனைவி சொன்ன வாக்கியத்தின் அர்த்தம் இவ்வளவுதான். செலவு மிச்சமாகவில்லை, கை மாறியிருக்கிறது. அதை யார் தலையில் வைக்கலாம் என்று முடிவெடுத்தவர் நீங்கள். சுமந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. பிளம்பரைக் கூப்பிடும்போது உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உங்களுக்கு வருத்தம். சரி, நியாயம்தான். மெஷினைக் கழற்றுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இந்த ‘அடுத்த ஞாயிறு’ விஷயத்தில் உங்களைச் சோம்பேறி என்று நான் நினைக்கவில்லை. ரோஜர் ப்யூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1994-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் சுமார் 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது சொன்ன கணக்கையும் அது தாண்டிவிட்டது. முன்பு எத்தனை முறை தாமதமாகியிருந்தாலும், இந்த வேலையை யோசிக்கும்போது எல்லாம் தடையில்லாமல் நடப்பதாகத்தான் மனம் படம் போட்டுப் பார்க்கிறது. காய்ச்சலும் விசேஷமும் துருப்பிடித்த பேரிங்கும் அந்தப் படத்தில் வருவதே இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை என்று நீங்கள் சொன்னபோது பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது எத்தனையாவது ஞாயிறு என்று தெரியும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். அந்தப் புதுக் குழாய்க்கு உங்கள் பையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. செலவு அவருடையது. சொட்டுவது நின்றது, உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் மிஞ்சியது. காசுதான் பிரச்சினை என்றால் அன்று மாலை உங்களுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஆக, இது காசைப் பற்றிய விஷயம் இல்லை. அந்தப் பிளம்பர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார் என்பதை நீங்கள் தனியாகக் குறிப்பிட்டிருந்தீர்கள், கவனித்தேன்.

கையால் செய்த பொருளின் மீது மனிதருக்கு ஒரு தனி ஒட்டுதல் வரும். மைக்கேல் நார்ட்டன் என்ற ஆய்வாளரும் இரண்டு சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், காகிதத்தை மடித்து உருவம் செய்யச் சொன்னார்கள். கற்றுக்குட்டிகள் மடித்தவை கோணல்மாணலாகத்தான் இருந்தன. ஆனால் செய்தவர்கள் அவற்றுக்கு, கைதேர்ந்தவர்கள் மடித்ததற்கு இணையாக விலை வைத்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பாதியில் விட்ட பொருளின் மீது அந்த ஒட்டுதல் வரவில்லை. நீங்கள் சரிசெய்த ஃபேன் சுற்றும்போது உங்களுக்கு வரும் சந்தோஷம் உண்மையானது, அதை விட வேண்டாம். பிரித்துப்போட்ட மெஷின் அந்தச் சந்தோஷத்தைத் தராது. அதைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் உங்களுக்கே உள்ளுக்குள் ஒரு குத்தல் இருக்கும். அதை மறைக்கத்தான் நோட்டு தேவைப்படுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்பாவைப் பற்றி ஒன்று. அவரிடம் ஆள் வைக்கக் காசு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இல்லாமல் இருந்திருந்தால், அவர் செய்தது வேறு வழியில்லாமல் செய்த வேலை. உங்களுக்கு வழி இருக்கிறது. வெளியாளைக் கூப்பிடுவதால் அப்பாவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவரிடம் நீங்கள் கற்றதே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தானே? உங்கள் மகளும் அப்படித்தான் ஓடி வந்திருக்கிறாள். டார்ச் பிடிக்கிற குழந்தைக்கு எங்கே வெளிச்சம் காட்ட வேண்டும் என்று தெரியாது. பார்க்க வேண்டிய இடம் உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும், அவள் பார்ப்பது உங்கள் முதுகை. வேலை சிக்கிக்கொண்ட எரிச்சல் எல்லாம் டார்ச்சின் மேல் வந்து விழும். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்றாலும், உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது இந்த இடம்தான். குழாய்க்கு ஆள் கிடைப்பார்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ராஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் 37 தம்பதிகளிடம், வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை. அவரவர் செய்தது அவரவர் ஞாபகத்தில் சுலபமாக வருகிறது, மற்றவர் செய்தது வருவதில்லை. ராத்திரி தண்ணீர் மோட்டார் நின்றுபோய் நீங்கள் டெஸ்டரோடு உட்கார்ந்திருந்ததை உங்கள் மனைவியும் இப்போது மறந்திருக்கலாம். கோபத்தில் இருக்கும்போது யாருக்கும் அது நினைவுக்கு வராது. ஆனால் இதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் வாதாடாதீர்கள். ஆய்வு முடிவை ஆயுதமாக்கினால் இன்னொரு மாதம் பேச்சு நின்றுபோகும்.

நோட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரு பொருள் கெட்டதும், அது இல்லாமல் யார் காத்திருக்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். காத்திருப்பவர் நீங்கள் மட்டும் என்றால், பழைய ரேடியோ, உங்கள் மேசை விளக்கு, எதுவானாலும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. மற்றவர்களும் காத்திருக்கிறார்கள் என்றால், எத்தனை நாள் பொறுக்கலாம் என்று தேதி சொல்ல வேண்டியவர் அவர்கள். அந்தத் தேதிக்குள் முடித்தால் வேலை உங்களுடையது. தாண்டினால் உங்கள் மனைவி ஆளைக் கூப்பிடுவார், உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. கூலி வீட்டுச் செலவுக்கான பணத்திலிருந்து போக வேண்டும், அவர் கைக்காசிலிருந்து இல்லை. இதைக் கழற்றுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஸ்பேனரோடு இருக்கும் மனிதரிடம் நியாயம் பேச முடியாது.

குழாய்க்கு அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். கொடுங்கள். ஆனால் அதைக் கொடுத்துவிட்டுக் கணக்கு தீர்ந்தது என்று வந்துவிடாதீர்கள். மெஷின் இல்லாத இந்த நாட்களில் எது மிகவும் கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது விளக்கம் கொடுக்காமல் கேட்க வேண்டும். உங்கள் மாதிரி ஆட்களுக்கு இது பேரிங் கழற்றுவதைவிடக் கடினம். யாராவது பிரச்சினையைச் சொன்னால் உடனே ஒரு தீர்வு நாக்கு நுனிக்கு வந்துவிடும். அன்று மட்டும் அதை விழுங்கிக்கொள்ளுங்கள்.

வாஷிங் மெஷினுக்கு இந்த வாரமே மெக்கானிக்கை வரச் சொல்லிவிடுங்கள், தேதி எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர் வரும் நேரத்தில் நீங்களும் வீட்டில் இருங்கள். இறுகிப்போன பேரிங்கை எப்படி வெளியே எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கேட்டால் சொல்லியும் தருவார். மகளுக்கு விருப்பமிருந்தால் அவளும் பார்க்கட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம்.