இணையத்தில் பிறரோடு பேசும்போது எத்தகைய நாகரிகத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்?

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது பட்டணத்துத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருப்பவன். வாட்ஸ்அப்பை எங்கள் நாட்டில் புலனம் என்போம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் புலனக் குழுவை ஆறு ஆண்டுகளாக நான்தான் கவனித்து வருகிறேன். பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, அழித்துச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை நட்ட பிறகு, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் அடுத்தடுத்து இருந்தவர்கள் கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய இருநூறு பேரை இன்றும் ஓரிடத்தில் வைத்திருப்பது அந்தக் குழுதான். உங்கள் கேள்விக்கு அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதையே பதிலாக எழுதுகிறேன். என்ன சொல்கிறோம் என்பதைவிட, யார் யார் கேட்கும்படி சொல்கிறோம் என்பதில்தான் இணைய நாகரிகத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் திருவிழா முடிந்ததும், எங்கள் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய பெரியவர் அவர். பூமாலைச் செலவு 120 ரிங்கிட் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்ட நான், இரவு பதினொரு மணிக்கு, "கணக்கில் தவறு இருக்கிறது, பொருளாளர் விளக்கம் தர வேண்டும்" என்று குழுவிலேயே எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். அதில் ஒரு கெட்ட சொல் இல்லை. ஆனால் அதை அவருடைய இரண்டு மருமகன்களும், சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியும், கோயில் பக்கமே வந்திராத பலரும் படித்தார்கள். இருவர் அதன்கீழ் கேள்விக்குறி மட்டும் போட்டார்கள். மறுநாள் மதியத்துக்குள் பெரியவர் குழுவிலிருந்து விலகியிருந்தார்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, விடியற்காலையிலிருந்து ஒரே விரலால் தட்டித் தட்டி அழித்த பதிலைப் பற்றிச் சொன்னார். பிறகு, "தம்பி, நீ வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா நோட்டைத் திறந்து காட்டியிருப்பேனே. என் பேத்தி படிக்கிற இடத்துல கேட்டுட்டியே" என்றார். அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டிருந்தால் அதே கேள்வி ஒரு சாதாரண விசாரிப்பாக முடிந்திருக்கும்.

அதன் பிறகு தவறைத் தனிச்செய்தியிலோ தொலைபேசியிலோ சொல்வதையும், நன்றியையும் பாராட்டையும் குழுவில் சொல்வதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். ஆபத்தான பொய்ச் செய்தி ஒன்று குழுவில் பரவினால் மட்டும் அங்கேயே திருத்த வேண்டும். அப்போதும் அனுப்பியவரின் பெயரை இழுக்காமல் செய்தியை மட்டும் திருத்தினால் போதும்.

1995 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்னும் இணைய நாகரிக வழிகாட்டி, உணர்ச்சி மேலிட்டு எழுதும் பதிலை ஓர் இரவு பொறுத்து அனுப்பச் சொல்கிறது. நான் அன்று அந்த ஓர் இரவைப் பொறுத்திருந்தால் போதும். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுவது கத்துவதுபோல் தோன்றும் என்றும் அது கூறுகிறது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. நம் கத்தல் வேறு வழியில் வெளிப்படுகிறது. 'நீங்கள்' சட்டென்று 'நீ' ஆகிவிடும், 'அண்ணே' காணாமல் போய்ப் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கும். மாறாக, வயதானவர்கள் 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டால் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வரியைத் தமிழில் தட்டுவது அவர்களுக்கு எவ்வளவு பாடு என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எழுத வராதவர்கள் குரல்பதிவு அனுப்பும்போது, எதைப் பற்றியது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், வேலையிடத்தில் இருப்பவர்கள் முழுவதையும் கேட்கத் தேவையிருக்காது.

என்னை மிகவும் வருத்துவது சாவுச் செய்தி. தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒருவர் இறந்தால், பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஆள் போய்ச் சொல்லி, அவர்கள் கிளம்பிய பிறகே மற்ற வீடுகளுக்குச் சேதி போகும். சென்ற ஆண்டு ஈப்போ மருத்துவமனையில் எங்கள் அத்தை ஒருவர் இறந்தபோது, உடல் வார்டை விட்டு இறங்குவதற்குள் ஒருவர் அவருடைய படத்தோடு 'ஆழ்ந்த இரங்கல்' என்று குழுவில் போட்டுவிட்டார். ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலையில் இருந்த மகள், தேநீர் இடைவேளையில் கைப்பேசியைத் திறந்து, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தாய் போய்ச் சேர்ந்ததைத் தெரிந்துகொண்டாள். இரங்கல்களுக்கு நடுவே ஒருவர் பூப்போட்ட காலை வணக்கப் படமும் அனுப்பியிருந்தார். இப்போது யார் சொன்னாலும், குடும்பத்தாரை அழைத்து, "யார் யாருக்குச் சொல்லியாச்சு?" என்று கேட்காமல் நான் ஒரு வரியும் போடுவதில்லை. படத்தை நீக்கினாலும் பயனில்லை. அனைவருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான அவகாசத்தைப் புலனம் தருகிறது; ஆனாலும் பார்த்தவர் பார்த்தது பார்த்ததுதான்.

கைமாறி வரும் செய்திகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது. அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலிலேயே புலனம் கட்டுப்படுத்திவிட்டது. செய்தி உண்மையா என்று பார்க்க, 2017 முதல் நம் நாட்டில் செபெனார்ஞா என்னும் அரசு இணையத்தளம் இருக்கிறது. பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு பொய்யோ மிரட்டலோ அனுப்புவது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின்கீழ் குற்றம் என்பதையும் இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெரியவரை மீண்டும் குழுவுக்கு அழைத்துவர எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. வீட்டில் கேட்ட மன்னிப்பு போதாது என்று எனக்குப் பட்டது. கேள்வியைப் படித்தவர்கள் அத்தனை பேரும் மன்னிப்பையும் படிக்க வேண்டும் அல்லவா? ஆகவே அவர் திரும்பிய அன்று, பூமாலைச் செலவு கைத்தவறுதலாக இருமுறை எழுதப்பட்டது என்பதையும், நான் கேட்ட இடம் தவறு என்பதையும் குழுவில் எழுதினேன். அவர் அதற்குப் பதில் எதுவும் எழுதவில்லை. அடுத்த திருவிழா முடிந்ததும், குழுவில் போடுவதற்கு முன்பு, நோட்டின் படம் எனக்குத் தனியாக வந்தது. கீழே "பாத்துச் சொல்லு தம்பி" என்று இருந்தது.