பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல கோச் ஆவதில்லை என்கிறார்களே, ஹேண்ட்பாலில் எப்படி?

எல்லா விளையாட்டிலும் இப்படிச் சொல்வார்கள். ஹேண்ட்பாலில் யாராவது என்னிடம் இதைச் சொன்னால் நான் முதலில் சொல்லும் பெயர் தலந்த் துய்ஷெபாயெவ்.

அதற்கு முன்னால் ஒரு விளக்கம். நம் பக்கத்தில் கைப்பந்து என்றால் வாலிபால் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் பேசுவது கோல் போஸ்ட் வைத்து ஆடும் ஹேண்ட்பாலைப் பற்றி. அணிக்கு ஏழு பேர், 40க்கு 20 மீட்டர் களம், கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் வளைவு, அதற்குள் கோல்கீப்பர் மட்டும். பள்ளியிலும் கல்லூரியிலும் எட்டு வருடம் சென்டர் பேக்காக, அதாவது நடுவில் நின்று தாக்குதலை நடத்துபவனாக, ஆடினேன். இப்போது ஒரு பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

துய்ஷெபாயெவ் 1968-ல் கிர்கிஸ்தானின் தலைநகரில் பிறந்தவர். இன்றைய பிஷ்கெக்குக்கு அப்போது பெயர் ஃப்ரூன்ஸே. ஆடிய இடம் சென்டர் பேக். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் நடக்கும்போது சோவியத் யூனியனே இல்லை. அதன் வீரர்கள் ஐக்கிய அணி என்ற பெயரில் இறங்கி, இறுதியில் சுவீடனை வென்று தங்கம் எடுத்தார்கள். மறுவருடம் ரஷ்யாவுக்காக உலகக்கோப்பை. அதற்குள் ஸ்பெயினில் சன்டான்டர் கிளப்புக்குப் போய்விட்டார், 1994-ல் அந்தக் கிளப் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தது. பிறகு ஸ்பெயின் குடியுரிமை வாங்கி, அந்த நாட்டுக்காக 1996-லும் 2000-த்திலும் ஒலிம்பிக் வெண்கலம். 1994, 1996 இரண்டு வருடமும் உலகின் சிறந்த வீரர் விருது. இதைவிடப் பெரிய ஆட்டக்காரரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சொல்வழக்கு உண்மையென்றால் இவர் கோச்சாகத் தோற்றிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. ஜெர்மனியில் சில வருடம் ஆடிவிட்டு 2001-ல் ஸ்பெயினின் சியுடாட் ரியால் கிளப்புக்கு வந்தார். லா மான்சா சமவெளியில், ஒரு லட்சம் பேர்கூட இல்லாத ஊர் அது. 2005-ல், 37 வயதில், அதே அணிக்கு அவரையே கோச்சாக்கினார்கள். ஆட்டத்தையும் விடவில்லை. 2007 வரை ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டுமாக இருந்தார்.

அந்த இரண்டு வருடத்தைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஐஸ்லாந்தின் ஓலஃபூர் ஸ்டெஃபான்சன் போன்ற பெரிய வீரர்கள் நேற்றுவரை உன் பக்கத்தில் ஓடியவர்கள். இன்று அவர்களில் யாரை உட்கார வைப்பது என்று நீ முடிவு செய்ய வேண்டும். அணி தடுமாறும்போது பெஞ்சில் இருந்து எழுந்து உள்ளே போகவும் உன்னால் முடியும். போகலாமா, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாமா? ஆட்டத்தை விட்டுவிட்டு வந்த கோச்சுக்கு இந்தச் சோதனை இல்லை. 2006-ல், அந்த இரட்டை வேலைக்கு நடுவிலேயே, சியுடாட் ரியால் முதல்முறையாகச் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தது.

இதில் ஒரு சின்ன அனுபவம் எனக்கும் உண்டு. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் வருடம், ஒரு மண்டலப் போட்டி. எங்கள் சென்டர் பேக் பையன் நல்ல கைக்காரன். பந்து அவன் கைக்கு வந்தால் கோட்டுக்கு வெளியே நின்றபடி நான் கத்துவேன்: "பிவட்டுக்குப் போடு! வலது பக்கம்! இப்போ!" பிவட் என்றால் எதிரணித் தடுப்புக்கு நடுவில், கோல் வளைவை ஒட்டி நிற்கும் ஆள். எனக்குப் பிவட் நிற்பது தெரிகிறது, இடைவெளி தெரிகிறது. என் வலது கை தானாகவே வீசுவதுபோல் எழும். கடைசி நிமிடங்களில் பந்தை வாங்கினான், மூன்று அடி வைத்தான், நின்றான். பிவட் ஆள் கழன்று கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இவனோ திரும்பி என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தான். மூன்று விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது, விசில் வந்துவிட்டது. அவன்மேல் தப்பே இல்லை. களத்தைப் பார்க்கப் பழக்க வேண்டியவனை என் முகத்தைப் பார்க்கப் பழக்கிவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய ஆட்டக்காரர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். யோசிக்காமலே கை செய்துவிடும் வேலையை அடுத்தவனுக்கு வார்த்தையால் சொல்ல வராது. தான் செய்திருப்பதையே அவனும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். துய்ஷெபாயெவுக்குச் சாதகமான ஒன்று அவர் ஆடிய இடம். சென்டர் பேக்குக்குத் தன் கோலைவிட மற்ற ஐந்து பேர் எங்கே ஓடுகிறார்கள் என்பதுதான் வேலை. எந்த நகர்வு என்று விரல் காட்டிச் சொல்பவனும் அவன்தான். பாதி கோச் வேலையை ஆடும்போதே செய்துவிடுகிறான். ஐஸ்லாந்தின் டாகுர் சிகுர்ட்சனும் இதே இடத்தில் ஆடியவர். ஆஸ்திரியாவின் பிரெகென்ஸில் ஆடிக்கொண்டே கோச்சாக இருந்து, 2016-ல் ஜெர்மனியை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார். ஆனால் இது சட்டம் ஒன்றுமில்லை. செக் நாட்டின் ஃபிலிப் யீஹா இடது பேக், பந்தை எறிவதற்கே பேர்போனவர். ஜெர்மனியின் கீல் அணிக்கு ஆடியும் சாம்பியன்ஸ் லீக் எடுத்தார், பிறகு 2020-ல் அதே அணிக்குக் கோச்சாகவும் எடுத்தார்.

சரி, துய்ஷெபாயெவ் கதைக்கு வருகிறேன். 2008-ல் மறுபடி சாம்பியன்ஸ் லீக். 2009 இறுதி அப்போதைய முறைப்படி இரண்டு ஆட்டம். ஜெர்மனியில் கீல் அணியிடம் 39-34 என்று ஐந்து கோலில் தோற்றார்கள். சொந்த ஊருக்குத் திரும்பி 33-27. மொத்தக் கணக்கில் 67-66, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் கோப்பை. அப்புறம் 2011-ல் கிளப்பையே மாட்ரிட்டுக்கு மாற்றினார்கள், 2013-ல் அது மூடப்பட்டது. எட்டு வருடம் கட்டிய அணி இல்லாமல் போனது. 2014 தொடக்கத்தில் போலந்தின் கியெல்ட்ஸே கிளப்பில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

2016 மே 29, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் கொலோன் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, கியெல்ட்ஸேவுக்கு எதிரே ஹங்கேரியின் வெஸ்ப்ரேம். ஏறக்குறைய கால் மணி நேரம் மீதி இருக்கும்போது ஸ்கோர் 28-19, வெஸ்ப்ரேம் பக்கம். இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஹேண்ட்பாலில் ஒரு நிமிடத்துக்கு ஒரு கோல் விழுவது சாதாரணம். துரத்துகிற அணி ஐந்து கோல் போட்டால் எதிரணியும் நாலு கோல் போட்டுவிடும். ஒன்பது கோல் பின்தங்கினால் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அன்று மீதி நேரம் முழுவதிலும் வெஸ்ப்ரேமால் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. கியெல்ட்ஸே பத்து போட்டது. 29-29. கூடுதல் நேரத்தில் 35-35. கடைசியில் ஏழு மீட்டர் வீச்சில், அதாவது கால்பந்தின் பெனால்டி போல கோல்கீப்பரை மட்டும் எதிரே வைத்து எறிவதில், 39-38 என்று கியெல்ட்ஸே ஜெயித்தது.

அந்தக் கடைசி நேரத்தை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்கும் காட்டுகிறேன். கோல்களைவிட, பந்து போனதும் ஆறு பேரும் எப்படித் திரும்பி ஓடுகிறார்கள் என்று பார்க்கச் சொல்வேன். யாருடைய கண்ணும் பெஞ்சுப் பக்கம் போவதில்லை. 48 வயதை நெருங்கிய அந்த மனிதர் கோட்டோரத்தில் ஒரு நிமிடம் சும்மா நிற்கவில்லை, கத்தினார், கை வீசினார். ஆனாலும் உள்ளே முடிவெடுத்தவர்கள் அவர்கள்தான்.

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். ரியோ ஒலிம்பிக்கில் அவர் பயிற்சி கொடுத்த போலந்து நாலாவது இடத்தோடு வெறுங்கையாகத் திரும்பியது. சாம்பியன்ஸ் லீக்கின் 2022 இறுதி ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் ஏழு மீட்டர் வீச்சிலும், 2023 இறுதி ஆட்டத்தில் மக்டெபுர்க்கிடம் கூடுதல் நேரத்தில் 30-29 என்றும் கியெல்ட்ஸே தோற்றது. அடுத்தடுத்து இரண்டு வருடம் அவ்வளவு அருகில் வந்து தோற்பது எப்படி இருக்கும் என்று, தொட்டுவிட்டுத் தவறியவர்களுக்குத்தான் தெரியும். அந்த அணிகளில் அவருடைய மகன்கள் அலெக்ஸ், டேனியல் இரண்டு பேரும் ஆடினார்கள். சொந்தப் பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைக்கும் அப்பாவின் நிலைமை பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை, என் பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் வெண்கல ஆட்டம் நினைவிருக்கிறதா? ஸ்பெயினும் ஸ்லோவேனியாவும். ஸ்பெயின் அணியில் அலெக்ஸும் டேனியலும், 1996-ல் அப்பா போட்ட அதே நாட்டுச் சட்டையில். ஸ்லோவேனியாவின் கோச் உரோஷ் ஸோர்மன். சியுடாட் ரியாலிலும் கியெல்ட்ஸேயிலும் துய்ஷெபாயெவிடம் சென்டர் பேக்காக ஆடியவர், 2016 கொலோன் இறுதியில் களத்தில் இருந்தவர். ஆட்டம் 23-22 என்று ஸ்பெயினுக்குப் போனது. தோற்ற பக்கத்துக் கோட்டோரத்தில் ஸோர்மன் நின்றிருந்தார்.