சிவந்த தாமிரம் மீண்டும் கறுப்பது ஏன்?

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் தாமிர ஆக்சைடை ஹைட்ரஜனால் ஒடுக்கிக் காட்டினேன். கறுப்புப் பொடி சிவந்தது. சுடரையும் வாயுவையும் நிறுத்தியதும் மறுபடி கறுத்துவிட்டது. துத்தநாக ஆக்சைடோ மாறவே இல்லை. எங்கே தவறினேன்?

பதில்: ஒடுக்கம், அதாவது ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்குவது, சரியாகவே நடந்திருக்கிறது, குளிரவிட்ட முறைதான் பிழை. புதிதாக உருவான தாமிரம் நுண்ணிய துகள்களாக இருப்பதால், சூடு ஆறுமுன் காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பு உடனே ஆக்சிஜனேற்றம் அடையும். ஆகவே சுடரை முதலில் அணைத்து, குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை ஹைட்ரஜனைத் தொடர்ந்து செலுத்துங்கள். நிறத்தைவிடப் பாதுகாப்புக்கே இது முக்கியம்: காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பற்றும் என்பதால், சூடான குழாய்க்குள் காற்று புகவே கூடாது. தொடங்கும்போதும், வெளிவரும் வாயுவைச் சோதனைக்குழாயில் பிடித்து, குழாயைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சுடரில் காட்டி, அது ‘பாப்’ என்று வெடிக்காமல் அமைதியாக எரிந்த பிறகே ஆக்சைடைச் சூடாக்க வேண்டும்.

4 கிராம் தாமிர ஆக்சைடுக்குக் கணக்குப்படி 0.1 கிராம் ஹைட்ரஜனே போதும், 3.2 கிராம் தாமிரமும் 0.9 கிராம் நீரும் கிடைக்கும். வாயு வெளியேறும் முனையைச் சற்றே தாழ்த்தி வையுங்கள். இல்லையெனில் குளிர்ந்த பகுதியில் படியும் நீர்த்துளி பின்னோக்கி வழிந்து சூடான கண்ணாடியை விரிசல்விடச் செய்யும்.

துத்தநாகத்தில் உங்கள் தவறு ஏதுமில்லை. ஆக்சிஜனை ஹைட்ரஜன் பற்றும் வலிமை, தாமிரம் பற்றுவதைவிட மிக அதிகம். துத்தநாகம் பற்றுவதைவிடக் குறைவு. சூட்டில் துத்தநாக ஆக்சைடுப் பொடி மஞ்சளாகி, ஆறியதும் வெளுப்பதை ஒடுக்கம் என்று மாணவர்கள் எண்ணிவிடக்கூடும். அது வெறும் நிறமாற்றமே. அலுமினியம், மக்னீசியம் ஆக்சைடுகளை இம்முறையில் முயல்வது வீண்.

இரும்பு ஆக்சைடுதான் இவற்றுள் மிகவும் சுவையானது. செஞ்சூட்டில் அதை ஹைட்ரஜன் ஒடுக்கும். அதே சூட்டில் நீராவியோ இரும்பை ஆக்சைடாக்கி ஹைட்ரஜனைத் தரும். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 18ஆம் நூற்றாண்டிலேயே இரும்புத் துப்பாக்கிக் குழலில் நீராவியைச் செலுத்தி இதைச் செய்து காட்டினார். எனவே எந்தப் பக்கம் வினை சாயும் என்பதை ஹைட்ரஜனுக்கும் நீராவிக்கும் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது. சுவீடனின் லூலியோ நகரச் சோதனை ஆலை போன்ற, ஹைட்ரஜனால் இரும்பு எடுக்கும் ஆலைகளில், வெளிவரும் வாயுவைக் குளிர்வித்து நீரைப் பிரித்துவிட்டு, மிஞ்சிய ஹைட்ரஜனை மீண்டும் உலைக்குள் அனுப்புவது இதனால்தான். நீங்கள் இரும்பு ஆக்சைடை ஒடுக்க முயன்றால், ஹைட்ரஜனை நீரற்ற கால்சியம் குளோரைடு வழியே உலர்த்தித் தாராளமாக ஓடவிடுங்கள்; கிடைக்கும் நுண்பொடி இரும்பு தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், முழுவதும் ஆறாமல் குழாயைத் திறக்காதீர்கள்.

கறுத்துப்போன தாமிரத்தை எறிய வேண்டாம். ஹைட்ரஜனில் மறுபடி சூடாக்கினால் சிவந்துவிடும்.