வாசகர் கேள்விகள்: “கூப்பிட்டால் ஏன் வர மாட்டேன் என்கிறீர்கள்?”

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள், சிலர் கோபமாக, சிலர் உரிமையோடு. கூட்டத்தில் பேசக் கூப்பிட்டால் நான் மறுக்கிறேனே, அதைப் பற்றி. அதனால் வண்டல் மண், கருவேலம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்துவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் இலக்கிய மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு உங்களைப் பேச அழைத்துத் தை மாதமே கடிதம் போட்டோம். அந்த வாரமே நாலு வரியில் ‘வர இயலாது’ என்று பதில் வந்துவிட்டது. கண்மாய்களைப் பற்றி இத்தனை வருடமாக எழுதுகிறவர், அதை நாலு பேர் முன்னால் வந்து சொல்லக் கூடாதா? முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. – வாசகர், திருமங்கலம்

வருத்தப்பட்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்ததுமே தெரிந்தது ஐயா. உங்கள் மன்றத்தைக் குறைவாக நினைத்து எழுதிய பதில் இல்லை அது. ஏன் அவ்வளவு சீக்கிரம் எழுதினேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து நாலு பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஊர்ப் பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி கூட்டம் வைத்திருக்கிறோம், எங்கள் கண்மாயைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும் என்றார்கள். அந்த வாரம் எனக்கு வேறு வேலை இருக்கிறது, போக முடியாது என்று அப்போதே தெரியும். ஆனால் பிள்ளைகள் பங்குனி வெயிலில் இரண்டு வண்டியில் வந்திருக்கிறார்கள், நான் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “பார்க்கலாம்ப்பா” என்றேன். நம்ம ஊரில் இந்த ‘பார்க்கலாம்’ இருக்கிறதே, சொல்கிறவர் முடியாது என்பதற்கு அதைச் சொல்கிறார், கேட்கிறவர் சரி என்று எடுத்துக்கொண்டு போகிறார். அவர்கள் நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். நான் முந்தின நாள் சாயங்காலம்தான் போனில் வர முடியவில்லை என்று சொன்னேன்.

கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து அந்த நாலு பேரில் ஒருவன் மட்டும் வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஒரு துண்டு, மடிப்புக் கலையாமல், கூடவே அந்த நோட்டீஸ், ரோஸ் கலர் தாளில் என் பெயர்தான் பெரிய எழுத்தில். “உங்களுக்குன்னு எடுத்ததும்மா, வேற யாருக்கும் போட மனசு வரல” என்றான். பத்து மணி வரைக்கும் கிழவிகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொன்னான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்தத் துண்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது, எடுத்துக் கட்டியதில்லை.

அதற்கப்புறம் யாருக்கும் ‘பார்க்கலாம்’ சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இது எனக்குத் தோன்றிய புது நியாயமும் இல்லை. ஆவூர் மூலங்கிழார் என்ற புலவர் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் பரிசில் கேட்டு வந்து காத்துக் கிடக்கிறார், அரசன் இழுத்தடிக்கிறான். அவனுக்கு அவர் சொன்னதுதான் புறநானூற்றில் 196ஆம் பாட்டு. முடிந்ததை முடியும் என்பதும், முடியாததை இல்லை என்று மறுப்பதும், இரண்டுமே நட்பைச் சேர்ந்தவை என்கிறார். முடியாததை முடியும் என்பதும், முடிகிறதை இல்லை என்பதும், இரண்டுமே கேட்டு வந்தவரை வாட்டும் என்கிறார். கடைசியில் உன் பிள்ளைகள் நோயில்லாமல் இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வெறுங்கையோடு புறப்பட்டுப் போகிறார், அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பையனின் மஞ்சள் பைதான் ஞாபகம் வரும். நம் பாண்டிய நாட்டு அரசனுக்கே சொன்ன வார்த்தை. ‘முடிகிறதை இல்லை என்பது’ என்ற பாதி என்னையும் கேட்கிறது, அதனால் ஒவ்வொரு அழைப்பையும் படித்ததும் நிஜமாகவே முடியாதா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படித்தான் எழுதினேன் ஐயா. அந்த வாரமே எழுதியதால்தான் வேறொருவரை அழைக்க உங்களுக்கு ஒரு மாதம் கிடைத்தது.

கேள்வி: கேட்பது ஒரே ஒரு மணி நேரம். எழுதுகிறவருக்கு மாதத்தில் ஒரு மணி நேரம் கூடவா இருக்காது? – கல்லூரி ஆசிரியர், மதுரை

ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாக இருந்தால் வந்துவிடுவேன். நான் இருப்பது மேலூருக்கு அந்தப் பக்கம். காலை பத்து மணி விழாவுக்கு ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், மாட்டுத்தாவணியில் இறங்கி அங்கிருந்து இன்னொரு பஸ். விழா பதினொன்றரைக்குத் தொடங்கும். குத்துவிளக்கு, வரவேற்புரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. என் முறை வரும்போது மணி ஒன்று ஆகியிருக்கும், பிள்ளைகள் பசியில் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்களிடம் பேசுவதே பாவம். திரும்பி வீடு வந்தால் விளக்கு வைக்கிற நேரம். முந்தின நாள் முழுக்க என்ன பேசுவது என்ற யோசனை, மறுநாள் அலுப்பு. மூன்று நாள்.

இந்த மூன்று நாள் எந்த மாதத்தில் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும்தான் கண்மாய் வற்றிக் கிடக்கும், உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கிற உள்பக்கத்தில், இறங்கி நடக்கலாம், மடையின் அடிக்கல்லையும், குமிழித்தூம்பு என்கிற பழைய கல் மதகின் தூண்களையும் கிட்டப் போய்ப் பார்க்கலாம், எழுத்து இருந்தால் படி எடுக்கலாம். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிற அன்றைக்கு நின்று பார்த்தால்தான் எந்தக் கண்மாய்த் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று தெரியும், வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு, கள்ளந்திரி வரை இருபோகம், வருடத்துக்கு இரண்டு சாகுபடி, அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், ஒரே சாகுபடி. ஒருபோகப் பகுதிக்குத் தண்ணீர் திறந்து அது கடைமடைக்கு வந்து சேருகிற நாட்கள்தான் எனக்கு முக்கியம், அன்றைக்கு மதுரையில் ஒரு அரங்கத்தில் உட்கார்ந்திருந்தால் அடுத்த வருடம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். தண்ணீர் என் தேதியைப் பார்த்து வராது.

அடுத்த வருடமும் எல்லாருக்கும் இருக்காது. போன வருடம் ஒரு பெரியவரைப் பார்த்து முறைப்பாடு பற்றி, அதாவது முறை வைத்துத் தண்ணீர் பிரித்துக்கொள்வது பற்றி, பதிவு செய்ய வேண்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். நடுவில் மூன்று கூட்டம். போனபோது வீட்டுத் திண்ணையில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

கேள்வி: பொதுவாழ்க்கைக்கு வந்துவிட்டால் ஜனங்கள் கூப்பிட்ட இடத்துக்குப் போகத்தானே வேண்டும்? காந்தி போகாத ஊரா? – வாசகர், தல்லாகுளம்

காந்தி போனார், நிறையவே போனார். 1921 செப்டம்பர் 22 அன்று நம் மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார், அது உங்களுக்குத் தெரியாததில்லை. அதே காந்தி பின்னாளில் திங்கட்கிழமை என்றால் பேச மாட்டார், மௌனம். அவசரம் என்றால் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். யார் வந்து எதிரே உட்கார்ந்தாலும் அந்த ஒரு நாளை அவர் லேசில் விட்டுக்கொடுத்ததில்லை. அவரோடு யாரையும் வைத்துப் பேசும் தகுதி எனக்கில்லை. ஊருக்கு உழைக்கிறவருக்கும் தனக்கென்று ஒதுக்கிய நாள் வேண்டும் என்பதற்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பள்ளி விழா, கோயில் விழா, பட்டிமன்றம் என்று வாரத்துக்கு இரண்டு அழைப்பு வருகிறது. உடம்பு தாங்கவில்லை. மனம் நோகாமல் மறுப்பது எப்படி அக்கா? – வாசகி, சோழவந்தான்

அழைப்பு வந்த அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள், பதில் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளத் தள்ள அவர்கள் மனதில் நீங்கள் மேடையில் உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

பொய்க் காரணம் வேண்டாம் தங்கச்சி. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அதே வாரம் புதுமண்டபத்துப் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? உங்களுக்கு நிஜமாகவே உடம்பு தாங்கவில்லை, அதையே சொல்லலாம். காரணத்தை நீட்டிக்கொண்டும் போகாதீர்கள். ‘பேத்திக்குப் பரீட்சை’ என்றால் ‘பரீட்சை முடிந்து வைத்துக்கொள்ளலாம்’ என்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, நீங்கள் காட்டிய வழி அது.

நான் எழுதுவது இவ்வளவுதான்: “உங்கள் அழைப்பு கிடைத்தது, என்னை நினைத்ததற்கு நன்றி. இந்த விழாவுக்கு என்னால் வர இயலாது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அழைப்பிதழில் பெயர் போட வேண்டாம். விழா நன்றாக நடக்க வாழ்த்துகள்.” அந்த மூன்றாவது வரி கண்டிப்பாக வேண்டும். கேட்காமலே என் பெயரை அச்சடித்துவிட்டு, ‘பெயர் போட்டாச்சு, வராமல் இருந்தால் எங்களுக்கு அவமானம்’ என்று வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போய்ப் பேசிவிட்டு வந்த ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர் ஒரு அட்டையே அச்சடித்து வைத்திருந்தார். சொற்பொழிவு, முன்னுரை, பேட்டி என்று தான் செய்யாதவற்றை எல்லாம் வரிசையாகப் போட்டு, கேட்டு எழுதியவருக்கு அதில் குறி போட்டு அனுப்பிவிடுவார். அவர் நேரம் மிச்சமாகியிருக்கும். எனக்கு அது ஆகாது. வெயிலில் வந்து தபால் பெட்டியில் கடிதம் போட்ட மனிதருக்குக் கையால் நாலு வரி எழுதக்கூட முடியாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது.

சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, கல்யாணத்தில் ‘ரெண்டு வார்த்தை பேசுங்க’ என்றால் பேசிவிடுங்கள். அது இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: பணம் கொடுத்தால் வருவீர்களா? – வாசகர், விருதுநகர்

வர மாட்டேன். ஆனால் பேச வருகிறவருக்குப் பஸ் செலவும் கௌரவமான ஒரு தொகையும் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் கொடுக்கிறோம், பேசுகிறவருக்கு மட்டும் சால்வை போதும் என்பது சரியில்லை.

கேள்வி: நீங்கள் வராவிட்டால் வேறு யாரை அழைப்பது? – கல்லூரி மாணவி, மதுரை

உங்கள் ஊர் நீர்பாய்ச்சியை அழையுங்கள் அம்மா. மடை திறந்து ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பிரித்துவிடுகிறவர், ஊர் அவருக்கு அறுப்பில் நெல் அளக்கும்.

இப்படி நான் எழுதிய பதிலை நம்பி ஒரு கல்லூரியில் நிஜமாகவே ஒருவரை அழைத்தார்கள், எழுபது வயது தாண்டியவர். அன்றைக்கு மட்டும் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், மைக்கைக் கொடுத்ததும் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வெளிய வாங்க தாயி, காட்டுறேன்” என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். குழாயடி ஈர மண்ணை அள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு முழ நீளத்துக்குக் கரை கட்டினார். கட்டைவிரலால் ஒரு மடை, ஓரத்தில் தாழ்வாக ஒரு கலுங்கு. ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொன்னார். கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். நிறைந்த கண்மாயில் முங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, காலால் தடவி மடைவாயைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொன்னபோது ஒரு சத்தம் இல்லை. நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் இருபது வருடமாக எழுதியும் அந்தக் கட்டைவிரல் மடையைக் காட்ட முடிந்ததில்லை.

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு கண்மாய் இருக்கிறது. தண்ணீர் வற்றினால் ஒரு கல் தெரியும், அதில் மீன் மாதிரி செதுக்கியிருக்கிறது. டீச்சர் உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். வருவீர்களா? – எட்டாம் வகுப்பு மாணவி, அரசுப் பள்ளி, மேலூர் வட்டம்

வருகிறேன் கண்ணு. மீன் பாண்டியர் சின்னம், ஆனால் உன் கல்லில் இருப்பது அதுதானா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் யாரும் அதன் மேல் சுண்ணாம்போ எண்ணெயோ தடவ வேண்டாம், சாக்பீஸால் கோடு இழுக்கவும் வேண்டாம். பங்குனி இரண்டாம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கரையில் இருப்பேன், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். மாலையும் மேடையும் வேண்டாம் என்று டீச்சரிடம் சொல். ஒரு வாளியும் தேங்காய் நார் பிரஷ்ஷும் கொண்டு வா, முள் இருக்கும், செருப்புப் போட்டுக்கொள். அந்தக் கண்மாயில் மடை திறந்த தாத்தா யாராவது ஊரில் இருந்தால் அவரையும் கையைப் பிடித்துக் கூட்டி வா.